காற்று போகும் வழி

பொற்கொடிக்கு இரண்டு வகை ஆட்களைக் கண்டால் ஆகாது. திறந்து பார்க்காமலே பாகத்தை மாற்றுகிற மெக்கானிக் ஒரு வகை. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வருகிற வண்டிக்காரர் இன்னொரு வகை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வடவள்ளியிலுள்ள அவள் பட்டறைக்கு வண்டியை ஓட்டிவந்து இறங்கியவர் மூன்றாவது வகையாக இருந்தார். தீர்ப்பை எழுதி வைத்துவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட ஒரு கையைத் தேடி வந்தவர்.

பெயர் கிருபாசங்கர். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பதினைந்து ஏக்கர் தென்னந்தோப்பு, கூடவே ஒரு நார் மில். பக்கத்தில் அவர் மனைவி லோகப்பிரியா, எம்பிஏ படித்தவள், மில்லின் கணக்கு வழக்கெல்லாம் அவள் கையில். இருவரும் பேச்சில் தேன் ஒழுகவிட்டார்கள். ஏனுங்க, வாங்க, பரவாயில்லைங்க என்று ஒரு வார்த்தைகூட ‘ங்க’ இல்லாமல் வெளியே வரவில்லை. பொற்கொடி வாங்கித்தந்த டீயைக் கையில் எடுத்தவர், குடிப்பதற்கு முன் அம்மணிக்கு எந்த ஊர் என்று கேட்டார். காரமடை என்றாள். காரமடையில் எந்தப் பக்கம் என்றார். அவள் இருபது வருஷமாகக் கேட்டுச் சலித்த கேள்விதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எல்லாச் சாதியும்தான் இருக்கும். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, டிப்ளமோ படித்த பெண், பளிச்சென்று உடுத்திய பெண், சரியாகத்தான் இருக்கும் என்று தானே பதில் சொல்லிக்கொண்டு டீயைக் குடித்தார்.

வண்டி ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, வாங்கி ஆறு வருஷம். மூன்று மாதமாக மேடு ஏறினால் இழுப்பதில்லை, மிதித்தால் பின்னால் கரும்புகை, லிட்டருக்குப் பதினாலு கொடுத்தது ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. மூன்று பட்டறை பார்த்தாயிற்று. முதல் ஆள் இன்ஜெக்டரை மாற்றினான். இரண்டாவது ஆள் டர்போவை மாற்றி, போகிற போக்கில் ஏர் ஃபில்டரையும் புதிதாகப் போட்டான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கூட்டம். மூன்றாவது ஆள், இதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் டீசலில்தான் கோளாறு, டிரைவர் யாரு என்று கேட்டிருக்கிறான்.

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. கிருபாசங்கர் குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார்.

“டீசல உருவி வித்துப்போட்டு மண்ணெண்ணெயக் கலந்து ஊத்தியிருக்கானுங்க. பிரவின்குமார்னு ஒரு பையன். தம்பி மாதிரி வச்சிருந்தமுங்க அம்மணி. அவன நிறுத்திப் பத்து நாளாச்சு, இப்ப வண்டி கொஞ்சம் தேவலாமுங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் வாய்ப்பேச்சு போதாது, வண்டி பார்க்கிற ஆள் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஊரில் நாலு பேரிடம் சொல்லியாயிற்று, டாக்ஸி ஸ்டாண்டிலும் சொல்லியாயிற்று, இனி அந்தப் பையனை யாரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள், இருந்தாலும் முறைப்படி ஒரு கேஸ் இருந்தால் நல்லது. பொற்கொடி எழுதிக் கொடுத்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்று நாலு பேர் சொன்னதால் அவளைத் தேடி வந்திருக்கிறார். அவன் கடைசியாக நிரப்பிய டீசல் அரை டேங்க் அப்படியே இருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு சொட்டும் ஊற்றவில்லை என்றும் சொன்னார்.

சோதித்துப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றாள் பொற்கொடி. அதோடு, வண்டியை யார் ஓட்டினார்களோ அவர்கள் வந்து நோயைச் சொல்ல வேண்டும், அது தன் பட்டறையின் வழக்கம், அந்தப் பையனின் நம்பரைக் கொடுங்கள் என்றாள். லோகப்பிரியாவின் முகம் லேசாகச் சுருங்கியது. கிருபாசங்கர் சிரித்துக்கொண்டே நம்பரைக் கொடுத்தார். இருவரும் வாடகைக் காரில் வீட்டுக்குப் போனார்கள்.

மத்தியானம் இரண்டு பஸ் மாறி பிரவின்குமார் வந்து சேர்ந்தான். இருபத்தாறு வயது, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான், கண் மட்டும் தூங்காத கண். வந்ததும் வண்டியின் பக்கத்தில் போய் நின்றான், தொடவில்லை. தொடலாமா என்று கேட்டான்.

அவன் முன்னால் வைத்தே முதல் சோதனையைத் தொடங்கினாள். டேங்கிலிருந்து டீசலை ஒரு நீளக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, வெப்பமானியும் அடர்த்தி பார்க்கும் மிதவையும் போட்டாள். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மிதவை இறங்கியிருக்கும். இறங்கவில்லை. சுத்தமான டீசல். பிரவின்குமார் மூச்சை விட்டது அவளுக்குக் கேட்டது. உடனே நிம்மதி அடையாதே என்றாள். டீசல் சுத்தம் என்பதால் வண்டியின் கோளாறு தீர்ந்துவிடவில்லை. என்ன கோளாறு என்று காட்டாதவரை, இந்த அரை டேங்க் மட்டும் நல்ல டீசல், முன்னால் கலந்திருப்பான் என்று சொல்ல நாக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்து லேப்டாப்பை மாட்டிக்கொண்டு, அவனையே ஓட்டச் சொல்லி மருதமலை மேட்டில் ஏற்றினாள். டீசல் பம்பின் அழுத்தம் சரியாக இருந்தது. இன்ஜெக்டர் சரி. பாதி மலையில் வண்டி மூச்சுத் திணறியது, கண்ணாடியில் பின்னால் கரும்புகை தெரிந்தது. அப்போது திரையில் ஒரே ஓர் எண் மட்டும் தாழ்ந்து கிடந்தது. இன்ஜினுக்குள் போகிற காற்றின் அளவு, போக வேண்டியதில் பாதிதான் இருந்தது.

திரும்பும் வழியில் நோயைக் கேட்டாள். எப்போது மோசம், எப்போது தேவலாம், மழையிலா, வெயிலிலா, எந்த நாள். அவன் யோசித்துச் சொன்னான். செவ்வாயும் வெள்ளியும் காலையில்தான் நெம்ப மோசம், ரெண்டு நாள் போனால் கொஞ்சம் தேவலாம், மறுபடி மோசம். சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். இப்படிச் சொன்னபோது முந்தைய பட்டறைக்காரன், இன்ஜினுக்குக் கிழமை தெரியுமா என்று சிரித்தானாம்.

பொற்கொடி சிரிக்கவில்லை. திங்களும் வியாழனும் வண்டி எங்கே போகும் என்று கேட்டாள். அவன் முகம் மலர்ந்தது. அன்றைக்கு அவன் அம்மாவுக்கு டயாலிசிஸ். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கஷ்டப்படுகிறாயே, வண்டியை எடுத்துக்கொள் என்று கிருபாசங்கரே சாவியைக் கொடுத்திருந்தார். மூன்று மாதமாக அப்படித்தான். அவன் காலனித் தெருவுக்குள் வண்டி வந்து நின்று, அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் வண்டியைக் கிருபாசங்கர் வீட்டு வாசலில் விட்டு, சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிடுவான்.

“அவிய நல்லவியதானுங்க்கா. யாரோ சொல்லிக் கெடுத்துப்போட்டாங்க. செவ்வா, வெள்ளி தவறாம வண்டிக்குப் பூசை எல்லாம் போடுவாங்க. அப்பிடியும் வண்டி இப்பிடி ஆயிருச்சேன்னுதான் எனக்கு வருத்தம்.”

திருடன் என்று ஊரெல்லாம் சொன்னவர்களுக்கு இவன் வக்காலத்து வாங்குகிறான். பொற்கொடிக்கு எரிச்சல் வந்தது. வெளியே காட்டாமல் அவனைப் பஸ் ஏற்றி அனுப்பினாள்.

சாயங்காலம் தனியாக வேலையைத் தொடர்ந்தாள். காற்று குறைகிறது என்றால் அதை இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இழுக்கவில்லை, அல்லது டர்போவுக்கு முன்னால் எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது புகை வெளியேறும் வழி அடைத்திருக்கிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் கழிக்க வேண்டும். சைலன்சர்ப் பக்கம் அளந்தாள், சரி. டர்போ புதிது, சுழற்சி சரி. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் அழுத்தமானியை மாட்டி இன்ஜினை மிதித்தாள். முள் சரசரவென்று ஓடியது. டர்போ உயிரைக் கொடுத்து இழுக்கிறது, இந்தப் பக்கம் வழி இல்லை.

அடைப்பு ஃபில்டரில். ஆனால் ஃபில்டர் புதிது என்று பில் சொல்கிறது. பில்லைப் படித்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் திறக்காமலே தாண்டிப் போயிருக்கிறார்கள். அவள் நாலு கிளிப்பைத் தட்டிப் பெட்டியைத் திறந்தாள்.

முதலில் வந்தது நாற்றம். செத்த எலியாக இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, டார்ச்சை அடித்துப் பார்த்தாள். எலி இல்லை. பெட்டியின் அடியில் மஞ்சள் சேறு. அதில் கறுத்து அழுகிய இலைகள். ஒன்றைக் கம்பியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வேப்பிலை. ஃபில்டரின் மடிப்பு ஒவ்வொன்றிலும் மஞ்சள் படிந்து, ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, பூரணம் அப்பிய மாதிரி இறுகிப்போயிருந்தது. அதற்கு அப்பால் காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியிலும் மஞ்சள் பூச்சு ஏறியிருந்தது. காற்றை இழுக்கும் வாய், வண்டியின் முன்பக்கம், பானெட்டின் விளிம்புக்குக் கீழேயே இருந்தது. வண்டியின் நெற்றியில் ஊற்றினால் நேராக அதன் மூக்குக்குள் போகும்.

பூசைக்கு யாரும் மஞ்சள் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றுவதில்லை. ஒரு பொட்டு வைப்பார்கள், எலுமிச்சம்பழம் வைப்பார்கள், சூடம் காட்டுவார்கள். மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து ஊற்றுவது யார் தொட்ட தீட்டைக் கழிக்க என்று காரமடையில் ரோட்டுக்குத் தெற்கே பிறந்து வளர்ந்த பொற்கொடிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திங்களும் வியாழனும் சாயங்காலம். பிரவின்குமாரின் அம்மா உட்கார்ந்து போன வண்டி. அழுகின இலையைத் தொட்ட கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். நாற்றம் இலையுடையது மட்டும் இல்லை என்பதால் போகவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பதிகள் வந்தார்கள். பழைய செய்தித்தாளை விரித்து ஃபில்டரை அதன் மேல் வைத்திருந்தாள். லோகப்பிரியா பார்த்த மாத்திரத்தில் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள். கிருபாசங்கர் மட்டும் குனிந்து, தூசுங்களா அம்மணி என்றார்.

பொற்கொடி வரிசையாகச் சொன்னாள். டீசல் சுத்தம். பம்ப் சுத்தம். டர்போவை அநியாயமாக மாற்றியிருக்கிறார்கள். காற்று இல்லாமல் வண்டி குடித்த டீசலைப் புகையாகக் கக்கியது, அந்தப் புகையைத்தான் நீங்கள் திருட்டு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அவனை நிறுத்தியதும் வண்டி தேவலாம் என்றீர்களே, அன்றைக்கு இரண்டு விஷயத்தை ஒன்றாக நிறுத்தியிருக்கிறீர்கள். அவனையும் நிறுத்தினீர்கள், இதை ஊற்றுவதையும் நிறுத்தினீர்கள். வண்டி தேறியது எதனால்?

இது பூசை என்றாள் லோகப்பிரியா. எந்தக் கிழமை என்று பொற்கொடி கேட்டாள். அவள் தயங்கி, திங்களும் வியாழனும் சாயங்காலம், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டி பாருங்க, கிருமி இருக்கும், மஞ்சள் கிருமிநாசினிதானே என்றாள். அறிவியல் வரைக்கும் போய்விட்டாள்.

சரி என்றாள் பொற்கொடி. ஒவ்வொன்றாகக் கழிப்பதுதானே அவள் தொழில். உங்கள் வீட்டில் வேறு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று கேட்டாள். அப்பா, மாதம் ஒரு தடவை, இருதயத்துக்கு, அதே ஆஸ்பத்திரி என்று கிருபாசங்கரே வெள்ளந்தியாகச் சொன்னார். இதே வண்டியிலா? இதே வண்டிதான், அவரே ஓட்டிப் போவார்.

“அன்னைக்கு ஊத்துவீங்களா?”

கிருபாசங்கர் மனைவியைப் பார்த்தார். அவள் தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

“அது வேறங்க,” என்றாள் லோகப்பிரியா.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வண்டியில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்த கையே பழியையும் கரைத்து ஊற்றியிருக்கிறது. அவர்கள் கத்தியிருந்தால், திட்டியிருந்தால்கூட பொற்கொடிக்குப் பரவாயில்லை. இரண்டு பேரும் இன்னமும் ‘ங்க’ போட்டுப் பேசிக்கொண்டிருந்ததுதான் தாங்க முடியாத அருவருப்பாக இருந்தது.

கிருபாசங்கர் சமாளித்துக்கொண்டார். கேஸ் எல்லாம் வேண்டாம், பையனை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறோம், அவன் அம்மாவுக்கும் எப்போதும் போல வண்டி உண்டு என்று தாராளமாகச் சொன்னார். பிறகு ஓரடி நெருங்கி வந்தார்.

“எழுதறப்ப தூசுன்னு எழுதிக்குங்க அம்மணி. ஒரு வார்த்தைதானுங்களே. படிச்சவிய நீங்க, உங்களுக்குத் தெரியாததா?”

பொற்கொடி பட்டறையின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்கவே எழுதினாள். டீசலில் கலப்படம் இல்லை. இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் மஞ்சள் கரைத்த தண்ணீரும் வேப்பிலையும் பல முறை ஊற்றப்பட்டதால் ஃபில்டர் அடைத்து, சென்சார் கெட்டிருக்கிறது. ஓட்டுநர் மீது குற்றம் சொல்ல இந்த வண்டியில் ஒரு சான்றும் இல்லை. கையெழுத்து, முத்திரை. இரண்டு பிரதி. நீங்கள் கேட்ட காகிதம்தான், ஸ்டேஷனில் கொடுங்கள் என்று ஒன்றை நீட்டினாள். இன்னொன்று அவனுக்கு என்றாள்.

புது ஃபில்டர் காலையிலேயே போட்டு, சென்சாரையும் மாற்றியிருந்தாள். வண்டி ஒரு புகை இல்லாமல் உறுமியது. சாவியை எடுத்துக் கொடுக்கும்போது, நேற்றிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லியே விட்டாள்.

“நேத்து எந்தப் பக்கம்னு கேட்டீங்களே. காரமடைல ரோட்டுக்குத் தெக்கால காலனிங்க நாங்க. நேத்தும் இன்னைக்கும் இந்த வண்டி பூரா என்ர கைதான் பட்டிருக்குது. ஊட்டுக்குப் போயி நல்லா ஊத்துங்க, வேண்டாங்கல. முன்னாடி காத்துப் போற வழிய மட்டும் ஒரு துணி வச்சு அடைச்சுக்குங்க. இன்ஜினுக்குத் தண்ணி ஆகாதுங்க.”

கிருபாசங்கர் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். சாவியை அங்க வச்சிருங்க, எடுத்துக்கறேனுங்க என்றார், மேசையைக் காட்டி. நேற்றுக் குடித்த டீ அந்த நேரத்தில் அவருக்கு எந்த இடத்தில் இருந்ததோ தெரியாது, முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகியிருந்தது. லோகப்பிரியா ஈரத்தாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கதவின் கைப்பிடியைத் துடைத்துவிட்டு ஏறினாள். போய்வருகிறோம் அம்மணி என்று இருவரும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

பிரவின்குமார் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அதுவரைக்கும் அந்த இரண்டாவது பிரதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தூசு என்று எழுதினாலும் அவன் பெயர் இதே அளவுக்குச் சுத்தமாகிவிடும். ஸ்டேஷனிலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் டீசலில் கலப்படம் இல்லை என்ற வரியைத்தான் பார்ப்பார்கள். மஞ்சள் என்ற வார்த்தையால் யாருக்கு லாபம்? வேறு தாளை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள். இருபது வருஷத்தில் பார்க்காத ஒன்றை எழுதியதில்லை, பார்த்த ஒன்றை மறைத்ததும் இல்லை. அந்த வீட்டுக்கு அவன் மறுபடி வேலைக்குப் போய், மறுபடி சாவியை வாங்கி, மறுபடி அம்மாவை ஏற்றுவதை நினைத்துப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

அவன் வந்தான். காகிதத்தை வாங்கி முதலில் வேகமாகப் படித்தான். ஒரு சான்றும் இல்லை என்ற இடத்தில் அவன் தோள் இறங்கியது. தேங்க்ஸுங்க்கா என்றான். பிறகு மேலே போய் மெதுவாகப் படித்தான். மஞ்சள் என்ற இடத்தில் நின்றான். இங்கிருந்தே அவன் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. திங்கள், வியாழன். செவ்வாய், வெள்ளி.

முந்தின நாள் சாயங்காலமே ஊத்தினதுங்களா, என்று கேட்டான். பூசை இல்லீங்களா என்று கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

“காலைல போனா பானெட்டுல மஞ்சளு காஞ்சு கெடக்குமுங்க்கா. நமக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு மொதலாளியம்மா பூசை போட்டிருக்காங்களேன்னு, அதத் தொட்டு நெத்தில வச்சுட்டுத்தான் வண்டி எடுப்பேன். கொஞ்சம் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி எங்கம்மாவுக்கும் வச்சுவிடுவேன்.”

பொற்கொடிக்கு அந்தக் காகிதத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் போல இருந்தது. அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். பிறகு புறங்கையால் நெற்றியைத் துடைத்தான். அங்கே ஒன்றும் இல்லை. இருந்தும் அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.